ஸர் ஜோசப் விட்வொர்த்

உலகத்திற் புகழெய்தினோர் பலதிறத்தினர். நாடாண்ட மன்னர், படை நடத்திய தலைவர், பாப் புனைந்த புலவர் ஆகியோரின் சரித்திரங்கள் நம் மாணவர்க்குப் பள்ளிப் பருவம் முதலே பழக்கமானவை. ஆயின் கையில் அரமும் சுரண்டுளியும் கொண்டு பட்டறையில் நின்று, ஓர் அங்குலத்தைப் பத்து லட்சம் கூறாக்கி அளந்து, அவ்வளவையினாலேயே தம் தேசத்துத் தொழில்முறையை மாற்றியமைத்த ஒருவரின் வாழ்க்கையை நம்மிற் பலரும் அறியார். அவரே ஸர் ஜோசப் விட்வொர்த். திருகாணிக்கு ஒரே அளவு வகுத்தவர் என்று யந்திர சாஸ்திரம் பயில்வோர் அவர் பெயரைக் கேட்டிருத்தல் கூடும். நெடுந்தூரத்து இலக்கைச் சுடுதற்கு ஏற்ற துப்பாக்கி யாது, அதற்கேற்ற தோட்டா யாது, குறிபார்க்கும் கருவி யாது என்னும் வினாவை முதன்முதல் ஊகத்தினால் அன்றிப் பரீட்சையினால் ஆராய்ந்தவருள் தலையாயவரும் அவரே. அவர் வரலாற்றைச் சுருக்கிக் கூறி, அவ்வாராய்ச்சியைச் சிறிது விரித்துரைப்பதே இக்கட்டுரையில் நாம் மேற்கொண்ட பணியாகும்.

பிறப்பும் தொழிற்பயிற்சியும்

விட்வொர்த் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் 1803-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ம் தேதி பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியராயிருந்து பின் சமயபோதகரானவர். தாயாரைச் சிறு பிராயத்திலேயே இழந்த விட்வொர்த், பதினான்காம் வயதில் டெர்பிஷையரில் நூற்பாலை நடத்திவந்த தாய்மாமனிடம் தொழில் பயில அனுப்பப்பட்டார். காலப்போக்கில் மருமகனையும் ஆலையிற் பங்காளியாக்குதல் மாமனின் எண்ணம். மருமகன் கண்டதோ வேறு. நூலின் லாபநஷ்டத்திலே அவர் மனம் செல்லவில்லை. நூற்கும் யந்திரத்தின் உறுப்புக்கள் எத்துணைச் சீர்கேடாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதிலேயே சென்றது. நான்கு ஆண்டு கழிந்தபின் வருவாய் உறுதியான அவ்வாழ்வை விட்டு நீங்கி, மாஞ்செஸ்டர் நகரத்தில் ஒரு பட்டறையிற் சாதாரணத் தொழிலாளியாய் அமர்ந்தார்.

1825-ம் ஆண்டில் மணம் முடித்து லண்டன் மாநகர் சென்று, அக்காலத்து யந்திரத் தச்சருள் முதல்வராகிய ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையிற் சேர்ந்தார். பின்னர் ஜோசப் கிளெமெண்டு என்பவரிடத்தும் வேலை பார்த்தார். சார்ல்ஸ் பாபேஜ் என்னும் கணித வல்லுநர் வகுத்த கணக்கிடும் யந்திரத்தின் உறுப்புக்களைச் செய்த பட்டறை அது. அத்தகைய இடங்களிற் பயின்ற கையும் கண்ணும் கொண்டு 1833-ம் ஆண்டில் மாஞ்செஸ்டருக்கு மீண்டு, சொந்தத்தில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார்.

மூன்று பலகைகள்

விட்வொர்த் செய்த முதற்பெருங் காரியம் மெய்யான சமதளம் ஒன்றை உண்டாக்கும் முறையை ஒழுங்குபடுத்தியதாகும். இரும்புப் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்தால் அவை பொருந்துமே ஒழியச் சமமாகிவிடா; ஒன்று சிறிது குழிந்தும் மற்றொன்று சிறிது புடைத்தும் இருந்தாலும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூன்று பலகைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்றை இரண்டோடும் மாறிமாறி ஒப்பிட்டு, மையிட்டு மேடு கண்ட இடத்தைச் சுரண்டுளியாற் சுரண்டுதல் வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும்போதே மூன்றும் சமமாம். இம்முறையை அவர் 1840-ம் ஆண்டு அறிஞர் சங்கத்தின் முன் விளக்கினார்.

அடுத்த ஆண்டில் திருகாணியைப் பற்றிய தம் கருத்தை வெளியிட்டார். அந்நாளில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. ஒரு பட்டறையின் திருகாணி மற்றொரு பட்டறையின் சுரையிற் செல்லாது. விட்வொர்த் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து ஒப்பிட்டு, 55 பாகைக் கோணமுள்ள ஒரே மரையை வகுத்தார். அதனை இரும்புப்பாதைகளும் தொழிற்சாலைகளும் நாளடைவில் ஏற்றுக்கொண்டன. 1851-ம் ஆண்டு லண்டனில் நடந்த மகா பொருட்காட்சியில் அவருடைய அளவை யந்திரம் காண்போரை வியப்பில் ஆழ்த்தியது. அங்குலத்திற்கு 20 மரையுள்ள திருகு, அதனைச் சுழற்ற 200 பல்லுடைய சக்கரம், அதனை நடத்த 250 பிரிவு குறிக்கப்பட்ட வேறொரு சக்கரம் ஆகிய இவற்றைப் பெருக்கினால் பத்து லட்சமாகும். கடைச்சக்கரத்தை ஒரு பிரிவு திருப்பினால், அளக்கும் முனை ஓர் அங்குலத்திற் பத்து லட்சத்தில் ஒரு கூறு நகரும்.

அரசாங்கத்தின் வினா

1854-ம் ஆண்டிற் கிரிமியா யுத்தம் நடந்துகொண்டிருந்தது. படைக்கு வேண்டிய எண்பீல்டு துப்பாக்கிகளை விரைந்து செய்தற்குரிய யந்திரங்களை வகுத்துத் தருமாறு அரசாங்கத்தார் விட்வொர்த்தை வேண்டினர். அத்துப்பாக்கி நம் நாட்டினரும் அறிந்ததே. 1857-ம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாகச் சரித்திர நூல்களிற் பேசப்படும் கொழுப்புத் தடவிய தோட்டா அதற்கு உரியதே. அவ்வேண்டுகோளை வேறு எவரும் உடனே ஏற்றிருப்பர். பெருந்தொகை கிடைக்கும் காரியம் அது. விட்வொர்த்தோ, சிறந்த குழல் இன்னதெனத் தெரியாமல் அதனைச் செய்யும் யந்திரத்தை வகுத்தல் முறையன்று என மறுத்தார். ஒரே பட்டறையில் ஒரே மாதிரியாகச் செய்த துப்பாக்கிகளுள் ஒன்று நன்றாகவும் மற்றொன்று தீதாகவும் சுடுவதன் காரணத்தை எவரும் ஆராய்ந்திலர் என்றும், அதனை முதலில் அறிதல் வேண்டும் என்றும் எடுத்துரைத்தார்.

அரசாங்கத்தார் இசைந்தனர். மாஞ்செஸ்டரை அடுத்து விட்வொர்த் வாழ்ந்த இல்லத்தின் அருகே 500 கஜம் நீளமுள்ள மூடிய சாலை ஒன்று கட்டப்பட்டது. முதலிற் கட்டியது புயலில் வீழ்ந்தது. மீண்டும் கட்டி 1855-ம் ஆண்டிற் பரீட்சை தொடங்கினர். காற்று உட்புகாத அச்சாலையில் மெல்லிய காகிதத் திரைகளை இடையிடையே நிறுத்தி, அவற்றை ஊடுருவிச் செல்லுமாறு சுட்டனர். திரைதோறும் விழுந்த துளைகளை வரிசைப்படுத்திப் பார்க்குங்கால் குண்டு சென்ற வழி முழுவதும் புலனாகும். அது நேரே முன்முகமாய்ச் சென்றதோ, தள்ளாடியதோ, குறுக்காய்ப் புரண்டதோ என்பதனைத் துளையின் வடிவே காட்டிவிடும்.

குழலும் தோட்டாவும்

இனி விட்வொர்த் கண்ட உண்மையை விளக்குவோம். ரைபிள் எனப்படும் துப்பாக்கியின் குழலினுட்புறம் வழவழப்பாயிராமல், திருகுபோற் சுற்றிச் செல்லும் வரிகளை உடையது. அவ்வரிகளாற் குண்டு பம்பரம்போற் சுழன்று செல்லும். சுழற்சி உள்ளவரை அதன் முனை தடுமாறாது. எண்பீல்டு துப்பாக்கியின் உள்விட்டம் .577 அங்குலம்; குண்டின் எடை 530 கிரெயின்; வரி ஒருமுறை சுற்றிவர 78 அங்குலம் செல்லும். அக்குண்டு பருத்துக் குறுகியது. அதன் நீளம் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கும் இல்லை. பருத்த பொருள் காற்றை மிகுதியாகத் தள்ளவேண்டுமாதலின் விரைவில் வேகம் இழக்கும்.

எடையைக் குறைக்காமல் விட்டத்தைக் குறைத்தால் குண்டு நீளும். காற்றின் தடை குறையும். ஆயின் நீண்ட குண்டு மெதுவாகச் சுழன்றால் நிலை குலைந்து புரண்டுபோம். குட்டைப் பம்பரத்திற்குப் போதிய சுழற்சி நெட்டைப் பம்பரத்திற்குப் போதாமை போன்றதே இதுவும். ஆகவே விட்வொர்த் வரியின் சுற்றை 60 அங்குலம், 30 அங்குலம், 20 அங்குலம் எனப் படிப்படியாக மாற்றிப் பரீட்சித்தார்; அதன் எல்லை யாதென அறிய ஓர் அங்குலத்தில் ஒரு சுற்றுள்ள குழலையும் செய்து சுட்டுப் பார்த்தார். முடிவில் .451 அங்குல விட்டமும், 20 அங்குலத்தில் ஒரு சுற்றும், அதே 530 கிரெயின் எடையில் விட்டத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளமுள்ள குண்டும் தகுதியென்று துணிந்தார். குழலின் உட்புறத்தை வட்டமாக்காமல் அறுகோணமாக்கினார். குண்டையும் அதே வடிவினதாகச் செய்து, அது குழலிற் சரிய இறங்குமாறு அளவிட்டார். ஒரு விநாடிக்கு ஏறக்குறைய எழுநூறு முறை சுழன்று அக்குண்டு குழலை விட்டு நீங்கும்.

ஈண்டு மாணவர் கருதத்தக்கது ஒன்றுண்டு. குழலை முதலிலே தேர்ந்து, குண்டைப் பின்னர்த் தேடுதல் அக்காலத்தார் வழக்கம். விட்வொர்த்தோ குண்டின் நீளம், வரியின் சுற்று, குழலின் விட்டம் ஆகிய மூன்றையும் தம் மூன்று பலகைகளைப்போலவே ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்தினார். அவற்றுள் ஒன்றை மாற்றினால் மற்றை இரண்டையும் மாற்றவேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. நெடுந்தூரத் துப்பாக்கி தேர்வோர் அனைவரும், வெடிமருந்தும் உலோகமும் எத்துணை மாறியபின்னும், இன்றளவும் இவ்விதியைக் கடந்திலர்.

வெற்றியும் தோல்வியும்

1857-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹைத் என்னும் ஊரில் யுத்த மந்திரியின் முன்னிலையில் இரு துப்பாக்கிகளும் சோதிக்கப்பட்டன. 500 கஜத்தில் எண்பீல்டின் குண்டுகள் சராசரி 2.24 அடி விலகின. விட்வொர்த்தின் குண்டுகள் விலகியது.37 அடியே. 1,400 கஜத்தில் எண்பீல்டு இலக்கைத் தொடவேயில்லை. விட்வொர்த் துப்பாக்கியோ ஐந்தடிக்குட்பட்ட சராசரி விலகலோடு சுட்டது. 1860-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ம் தேதி விம்பிள்டனில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதற்போட்டியைத் தொடங்கி வைத்த விக்டோரியா மகாராணியார் சுட்டதும் இத்துப்பாக்கியையே. அதனைத் தாங்கியொன்றிற் பொருத்தி, 400 கஜத்து இலக்குக்கு நேராக்கி, விசையிற் பட்டுக்கயிறு கட்டி வைத்திருந்தனர். மகாராணியார் கயிற்றை இழுத்ததும் குண்டு இலக்கின் நடுவினின்று ஒன்றரை அங்குலத்திற்குள்ளே பாய்ந்தது. அப்போட்டியின் 800, 900, 1,000 கஜத்து இறுதிப் பந்தயத்திலும் விட்வொர்த் துப்பாக்கியே வழங்கப்பட்டது.

இத்துணைப் புகழ் பெற்ற பின்னும் படைத்துறையினர் அதனைத் தம் பொதுத் துப்பாக்கியாக ஏற்றிலர். விட்டம் மிகச் சிறிது என்பது ஒரு குறை. விலை எண்பீல்டினும் ஏறக்குறைய நான்கு மடங்கு என்பது மற்றொன்று. கருமருந்து எரிந்தபின் படியும் கரியினால், சில முறை சுட்டதும் குண்டைக் குழலில் இறக்குதல் கடினமாயிற்று என்பது அனைத்தினும் பெரிய குறை. 1862, 1863-ம் ஆண்டுகளிற் சில ஆயிரம் துப்பாக்கிகள் படைப்பிரிவுகளிடம் கொடுக்கப்பட்டன. ஆயினும் அக்குறை நீங்கவில்லை. விட்வொர்த் தம் கருவியின் மேன்மையை விளங்கக் கூறியும் அதிகாரிகள் செவிசாய்க்கவில்லை என்று அவருடைய நண்பர் வருந்தினர்.

யார்பக்கம் நியாயம் என்று வினவின், இருபுறமும் உண்டென்றே நாம் கூறுவோம். விம்பிள்டனிற் சுடுவோன் ஒவ்வொரு முறையும் குழலைத் துடைத்துக்கொள்ளலாம். அவன் இலக்கு நகராது. அதன் தூரமும் அவனுக்குத் தெரியும். போர்முனையில் மழையிலும் சேற்றிலும் நிற்கும் சிப்பாய்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. இலக்குப் பலகைக்குச் சிறந்தது படைக்குச் சிறந்ததாதல் ஒருதலையன்று. கருவியை அளந்தால் மட்டும் போதாது, அதனை ஏந்துவோன் நிலையையும் அளத்தல் வேண்டும் என்பதனை இவ்வளவை வல்லாரின் தோல்வியே நமக்குக் கற்பிக்கின்றது. எனினும் அவர் கண்ட உண்மை தோற்கவில்லை. 1871-ம் ஆண்டிற் படையினர் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் உள்விட்டம் .45 அங்குலம், அதன் வரி 22 அங்குலத்தில் ஒரு சுற்று. பின்புறமாகத் தோட்டா இடும் முறை வந்தமையாற் குண்டை இறக்கும் இடர் நீங்கியது; விட்வொர்த் கூறிய அளவுகளோ ஏறக்குறைய அப்படியே நின்றன. 1888-ம் ஆண்டில் அவ்விட்டம் .303 அங்குலமாக மேலும் குறைந்தது.

தொலைநோக்கியும் ஒரு மரணமும்

குழலும் தோட்டாவும் செவ்வையாக அமைந்தபின் எஞ்சி நின்றது கண். 1,000 கஜத்திற்கு அப்பால் நிற்கும் ஆள், குழலின் நுனியிலுள்ள சிறு குறிமுனைக்குப் பின்னே மறைந்துபோவான். இதற்குப் பரிகாரமாகத் துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்தும் முறையை வகுத்தவருள் டேவிட் டேவிட்சன் என்பவர் குறிப்பிடத்தக்கவர். பம்பாய்ப் படையில் அதிகாரியாய் இருந்த அவர், நம் நாட்டில் வேட்டையாடிய காலத்திலேயே அதனைப் பழகியவர். நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அவருடைய நோக்கி, விட்வொர்த் துப்பாக்கி சிலவற்றின் இடப்புறத்தே பூட்டப்பட்டது. ஆயினும் நோக்கி இலக்கைக் காட்டுமேயன்றிக் குண்டைச் செலுத்தாது. 1,000 கஜம் செல்லுதற்குள் அக்குண்டு ஏறக்குறைய மூன்று விநாடி பறந்து, குழல் நோக்கிய கோட்டினின்று நூறு அடிக்கு மேல் தாழும். தூரத்தை ஐம்பது கஜம் பிழைபட மதித்தாலும் குண்டு ஓர் ஆள் உயரத்திற்கு மேலாகத் தவறும். ஆகவே தூரம் மதிக்கவும் காற்றின் போக்கறியவும் பழகாதவன் கையில் நோக்கி வெறும் அலங்காரமே.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்திலே தென்மாகாணத்தார் மிகச் சில விட்வொர்த் துப்பாக்கிகளைக் கடல் முற்றுகையைக் கடந்து வருவித்து, பரீட்சையில் தேறிய குறிகாரரிடம் ஒப்பித்தனர். 1864-ம் ஆண்டு மே மாதம் 9-ம் தேதி ஸ்பாட்ஸில்வேனியா என்னும் இடத்தில் வடபடைத் தளபதி ஜான் செட்ஜ்விக் பீரங்கிகளை நிறுத்தும் பணியை மேற்பார்த்து நின்றார். தூரத்துக் குண்டுகளின் ஒலி கேட்டுத் தலை குனிந்த தம் வீரரை அவர் விளையாட்டாகக் கடிந்துகொண்டார்; அத்துணைத் தூரத்தினின்று எவரும் குறி தவறாமற் சுடமுடியாதென்பது அவர் நம்பிக்கை. சிறிது பொழுதில் இடக்கண்ணின் கீழே குண்டு பட்டு வீழ்ந்து இறந்தார். வீரர் தந்தைபோற் போற்றிய தலைவர் அவர். அக்குண்டு விட்வொர்த் துப்பாக்கியினின்று வந்ததென்பதே வழிவழிக் கூற்று.

மாஞ்செஸ்டரிற் காகிதத் திரையிற் கண்ட துளைக்கும் இம்மரணத்திற்கும் இடையே உள்ள வழி மிக நீண்டதன்று. தன்னைக் கொல்வோனைத் தான் காணாமலும், அவன் இருப்பதையே அறியாமலும் ஒருவன் மடியும் காலம் இத்தகைய கருவிகளோடு வந்தது. அளவையின் செம்மை தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. திருகாணியில் அது மக்களை ஒன்றுசேர்த்தது, துப்பாக்கியில் அது மரணத்தை நெடுந்தூரம் அனுப்பியது. சாஸ்திரம் பயிலும் நம் மாணவர் இதனை எளிதாகக் கடந்து செல்லலாகாது.

இறுதிக்காலம்

விட்வொர்த் பின்னர்ப் பீரங்கிகளும், உருகிய நிலையிலேயே அழுத்தி உறுதிப்படுத்திய எஃகும் செய்து பெருஞ்செல்வம் ஈட்டினார். 1868-ம் ஆண்டில், தொழிற்கல்வி பயிலும் இளைஞர்க்காக ஆண்டுக்கு 100 பவுன் பெறும் முப்பது உபகாரச் சம்பளங்களை ஏற்படுத்தி, அதற்கென ஒரு லட்சம் பவுன் வைத்தார். புத்தகக் கல்வியும் கைத்தொழிலும் ஒருங்கே பெற்றவரே அதற்குரியர் என்பது அவர் கருத்து. 1869-ம் ஆண்டில் பாரனெட் பட்டம் பெற்றார். 1887-ம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ம் தேதி மாண்டி கார்லோவில் உயிர் நீத்தார். அவர் உடல் டார்லி டேலில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச்சென்ற பொருளினால் மாஞ்செஸ்டரிற் சித்திரசாலையும் பூங்காவும் மருத்துவசாலையும் பயன் பெற்றன. அவர் பெயரால் வழங்கும் உபகாரச் சம்பளம் இன்றும் இங்கிலாந்தில் யந்திர சாஸ்திர மாணவர்க்கு அளிக்கப்படுகின்றது.

பிறர் கேட்ட பொருளை உடனே செய்து கொடுத்துக் கூலி பெறுதல் எளிது. அப்பொருள் எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதனை அறியும்வரை செய்யேன் என நிற்றல் அரிது. 1854-ம் ஆண்டில் விட்வொர்த் அவ்வாறு நின்றார். அவர் வாழ்க்கையில் நாம் பெரிதும் மதிப்பது அதனையே. பரீட்சைச் சாலையிலும் பட்டறையிலும் கால்வைக்கும் நம் மாணவரும் அளந்தறிந்த பின்னரே துணிவாராக. துணிந்ததன் பயன் யாருக்கு எவ்வாறு சென்றடையும் என்பதனையும் உடன் எண்ணுவாராக.